இயற்கை செய்யும் கேட்டையும் கற்றுக்கொடுங்கள்

பள்ளிகளில் தேசியப் பசுமைப் படையையும் சுற்றுச்சூழல் மன்றங்களையும் நடத்தும் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்பும் மதிப்பும் மிக்க ஆசிரியர்களே,

2001-ஆம் ஆண்டு தேசியப் பசுமைப் படை தொடங்கப்பட்டதிலிருந்து, பாடவேலை, தேர்வு வேலை, பதிவேட்டு வேலை எல்லாவற்றுக்கும் மேலே இந்தப் பொறுப்பையும் நீங்கள் சுமந்து வருகிறீர்கள். மரக்கன்று நடுவது, நெகிழிப் பையை ஒழிப்பது, ஏரிக்கரைக்குப் பிள்ளைகளை அழைத்துப்போய்ப் பறவைகளைக் காட்டுவது என்று நீங்கள் செய்யும் காரியங்கள் இல்லாவிட்டால் ஒரு தலைமுறைக்குத் தன் ஊர் மரத்தின் பெயர்கூடத் தெரியாமல் போயிருக்கும். அந்த மதிப்பினால்தான் இதை எழுதுகிறேன். மன்றச் சுவரொட்டிகளிலும் பேச்சுப்போட்டி மேடைகளிலும் ஒரே சித்திரம் திரும்பத் திரும்ப வருகிறது. இயற்கை ஒரு தாய், அவளுக்குக் கொடுக்க மட்டுமே தெரியும், கெடுப்பவன் மனிதன் ஒருவனே என்கிற சித்திரம். மனிதன் கெடுக்கிறான் என்பதில் ஐயமே இல்லை. ஆனால் இயற்கையும் கொல்கிறது, ஊனமாக்குகிறது, நஞ்சூட்டுகிறது. அதைப் பிள்ளைகளிடம் சொல்லாமல் விடுவதால் அவர்களுக்கும் இழப்பு, நீங்கள் காப்பாற்ற நினைக்கும் காட்டுக்கும் உயிர்களுக்கும் இழப்பு என்பதே என் வாதம்.

ஆபத்தை மனிதர்கள் எப்படி எடை போடுகிறார்கள் என்பதை ஆராய்ந்தவர்கள் இருக்கிறார்கள். 1978-இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தைச் சேர்ந்த சாரா லிக்டென்ஸ்டைன், பால் ஸ்லோவிக், பரூக் ஃபிஷாஃப் முதலியோர் வெளியிட்ட ஆய்வு அதில் முக்கியமானது. எந்தக் காரணத்தால் அதிகம் பேர் இறக்கிறார்கள் என்று மக்களிடம் இரண்டிரண்டாகக் கொடுத்துக் கேட்டார்கள். ஆஸ்துமாவைவிடச் சூறைக்காற்றே அதிகம் பேரைக் கொல்வதாக மக்கள் நினைத்தார்கள். உண்மையில் அன்றைய அமெரிக்காவில் ஆஸ்துமாவால் இறந்தவர்கள் சூறைக்காற்றால் இறந்தவர்களைப்போல் 20 மடங்கு. இடி விழுந்து சாவதைவிட, கெட்டுப்போன உணவால் உண்டாகும் பாட்டுலிசம் என்ற நச்சுநோயால் சாவதே அதிகம் என்றும் நினைத்தார்கள். இடியால் நேர்ந்த சாவோ 52 மடங்கு அதிகம். ஒரே நேரத்தில், ஒரே இடத்தில், படமாக எடுக்கத்தக்க விதத்தில் நேரும் சாவு மனத்தில் பெரிதாகப் பதிகிறது. ஆளுக்கொரு ஊரில், ஆளுக்கொரு நாளில் நேரும் சாவு எத்தனை ஆயிரமானாலும் பதிவதில்லை. இத்துடன் இன்னொன்றும் சேர்கிறது. மனிதன் செய்த கேட்டைவிட இயற்கை செய்த கேட்டை மக்கள் பொறுத்துக்கொள்கிறார்கள் என்பது இத்தகைய ஆய்வுகளில் மீண்டும் மீண்டும் தென்படும் முடிவு. ஆலைக் கழிவு கிணற்றில் கலந்தால் ஊர் திரண்டு சாலையில் உட்காரும். அதே அளவு கேடு பாறையிலிருந்து கசிந்து வந்தால் தலைவிதி என்று இருந்துவிடும். கோபப்பட ஓர் ஆள் இல்லாத இடத்தில் நாம் கணக்குப் பார்ப்பதையும் விட்டுவிடுகிறோம்.

நம் நாட்டில் இதற்கு மிகக் கொடிய சான்று பாம்புக்கடி. 2000 முதல் 2019 வரையிலான 20 ஆண்டுகளில் இந்தியாவில் ஏறத்தாழ 12 லட்சம் பேர் பாம்பு கடித்து இறந்திருக்கிறார்கள் என்று 2020-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர். அதாவது நாளொன்றுக்கு 150 பேருக்கும் மேல். ஒரு ரயில் கவிழ்ந்து 150 பேர் இறந்தால் பிரதமர் இரங்கல் தெரிவிப்பார், விசாரணை ஆணையம் வரும், தலைப்புச் செய்தியாக ஒரு வாரம் ஓடும். இங்கே அது ஒவ்வொரு நாளும் நடந்தும், உலக சுகாதார அமைப்பு பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் முதன்மைப் பட்டியலில் சேர்த்ததே 2017-இல்தான். இந்திய அரசின் தேசியச் செயல்திட்டம் வந்தது 2024 மார்ச்சில். பாம்புக்கடி நேர்ந்தால் மருத்துவமனைகள் கட்டாயம் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று தமிழ்நாடு ஆணையிட்டது அதே ஆண்டு நவம்பரில். இத்தனைக்கும் பாம்பு நம் கோயிலிலும் கதையிலும் சினிமாவிலும் இருக்கிறது. பாம்பைப் பற்றிப் பேசாத ஊர் கிடையாது. பாம்பால் செத்தவர்களின் கணக்கைத்தான் யாரும் பேசவில்லை.

அந்தச் சாவு எப்படி வருகிறது என்பதையும் சொல்ல வேண்டும். கட்டுவிரியன் இரவில் இரை தேடும் பாம்பு. இரையைத் தொடர்ந்து வீட்டுக்குள்ளும் வரும். தரையில் பாய் விரித்துத் தூங்குகிறவர் புரண்டு படுக்கும்போது கடிக்கும். பல் பட்ட தடம் பல சமயம் கண்ணுக்கே தெரியாது, வலியும் வீக்கமும் பெரும்பாலும் இருக்காது. விடிவதற்குள் வயிறு வலிக்கிறது என்று பிள்ளை எழுந்து அழும். அஜீரணம் என்று நினைத்து வீட்டில் ஓமத் தண்ணீர் கொடுப்பார்கள். கொஞ்ச நேரத்தில் கண்ணிமை தானாகத் தொங்கும், நாக்கு குழறும், கடைசியில் மூச்சு விடும் தசைகள் நின்றுபோகும். கண்ணாடி விரியனின் வழி வேறு. அது வரப்பிலும் வைக்கோலிலும் கிடந்து, நடவிலும் அறுவடையிலும் இருப்பவர்களின் காலிலும் கையிலும் கடிக்கிறது. அதன் விஷம் ரத்தத்தின் உறையும் தன்மையைப் போக்கிவிடும். இதைக் கண்டுபிடிக்க ஆரம்ப சுகாதார நிலையத்தில் செய்யும் சோதனைக்கு இயந்திரம் எதுவும் வேண்டாம். 2 மில்லி ரத்தத்தை எடுத்து, உலர்ந்த சுத்தமான கண்ணாடிக் குழாயில் விட்டு, ஆட்டாமல் அசைக்காமல் 20 நிமிடம் வைக்க வேண்டும். பிறகு குழாயை ஒரு முறை சாய்க்க வேண்டும். உறைந்த ரத்தம் அடியிலேயே நிற்கும். தண்ணீர்போல் ஓடினால் விஷம் உடம்பில் ஏறிவிட்டது, உடனே விஷமுறிவு மருந்து ஏற்றியாக வேண்டும். சோப்புத்தூள் போட்டுக் கழுவிய குழாயாக இருந்தால் இந்தச் சோதனை தவறான முடிவைக் காட்டும். ஓர் உயிர் இப்படிப்பட்ட சின்ன விவரத்தில் தங்கியிருக்கிறது. ஆனால் அந்தக் குழாய் இருக்கும் இடத்துக்குப் பலர் வந்துசேர்வதே இல்லை. 2001 முதல் 2003 வரையிலான சாவுகளை ஆராய்ந்தபோது, இறந்தவர்களில் 97 சதவீதம் கிராமத்தவர்கள் என்றும், நான்கில் மூன்று பங்கினருக்கும் மேலானவர்கள் மருத்துவமனைக்கு வெளியிலேயே இறந்தார்கள் என்றும் தெரியவந்தது. அரசுப் புள்ளிவிவரத்தில் அவர்கள் இடம்பெறாததற்கும் அதுவே காரணம்.

நான் சொல்லவந்த முக்கியமான செய்தி இதில்தான் இருக்கிறது. பாம்பு எலியைத் தின்று நெல்லைக் காக்கிறது, ஆகவே அது உழவனின் நண்பன் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். சரிதான். ஆனால் காக்கப்பட்ட நெல் நிலத்துக்காரரின் குதிருக்கும் நகரத்துக்காரரின் தட்டுக்கும் போகிறது. கடி, கூலிக்கு நடவு நட்ட பெண்ணின் காலுக்குப் போகிறது. யானை நடந்தால் காடு வளரும், காடு இருந்தால் ஆற்றில் நீர் இருக்கும் என்பதும் உண்மை. அந்த நீர் சமவெளி நகரங்களின் குழாயில் வருகிறது. ஆண்டுதோறும் இந்தியாவில் யானைகளால் இறக்கும் ஏறத்தாழ 500 பேரில் பெரும்பாலோர் காட்டோரத்து உழவர்களும் தோட்டத் தொழிலாளர்களும் பழங்குடியினரும். இயற்கையின் நன்மையையும் தீமையையும் நாம் கூட்டிக் கழித்து, மொத்தத்தில் நன்மையே அதிகம் என்று முடிக்கும்போது ஒரு தவறு நேர்ந்துவிடுகிறது. நன்மை ஒருவர் பெயரிலும் தீமை இன்னொருவர் பெயரிலும் எழுதப்பட்டிருப்பதைக் கவனிக்காமல் கூட்டிவிடுகிறோம். தீமை தன் வாசலுக்கு வராதவர்களுக்குத்தான் இயற்கையை வெறும் அழகாகப் பார்க்க முடிகிறது. நம் சுற்றுச்சூழல் பாடத்தின் பெரும்பகுதி அந்தப் பார்வையிலிருந்து எழுதப்பட்டிருக்கிறது. அதைக் கேட்கும் பிள்ளைகளில் பலரோ மறுபக்கத்தில் வாழ்கிறவர்கள்.

பாம்பாவது கண்ணுக்குத் தெரியும். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் இருக்கும் ஃபுளூரைடு கண்ணுக்கும் தெரியாது, நாக்குக்கும் தெரியாது. கெட்டிப்பாறைகளில் உள்ள தாதுக்களிலிருந்து அது நீரில் கரைகிறது. இந்தியத் தர நிர்ணயத்தின்படி குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம்வரை ஏற்கத்தக்கது, வேறு வழியே இல்லாவிட்டால் 1.5 மில்லிகிராம். அதற்கு மேல் போனால், ஈறுக்குள் நிரந்தரப் பல் உருவாகிவரும் வயதில் அந்த நீரைக் குடித்த பிள்ளையின் பற்களில் மஞ்சளும் பழுப்புமாகக் கோடுகளும் திட்டுகளும் விழுகின்றன. தேய்த்தாலும் போகாது. அளவு மேலும் கூடி, பல ஆண்டுகள் குடித்தால் எலும்பும் மூட்டும் இறுகி முதுகு வளைகிறது. நீரைக் கொதிக்கவைத்தால் ஃபுளூரைடு போகாது, ஆவியாகும் நீரால் அதன் செறிவு கூடத்தான் செய்யும். காவிரி நீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ஃபுளூரோசிஸ் பாதிப்புக் குறைப்பும் சேர்ந்திருந்தது. அந்தத் திட்டம் 2013-இல் பயன்பாட்டுக்கு வந்தது. வங்கதேசத்தில் நடந்தது இதைவிடப் பெரிய துயரம். குளத்து நீரால் பரவிய வயிற்றுப்போக்கிலிருந்து பிள்ளைகளைக் காப்பாற்ற 1970-களில் லட்சக்கணக்கில் குழாய்க் கிணறுகள் போட்டார்கள். ஆற்று வண்டலில் இயற்கையாக இருந்த ஆர்சனிக் அந்த நீரில் கலந்திருந்தது. 1992-இல் பிரிட்டிஷ் நிலவியல் ஆய்வு நிறுவனத்தார் அங்கே நீரைப் பரிசோதித்தபோதுகூட ஆர்சனிக்கைத் தேடவில்லை. வரலாற்றிலேயே மிகப் பெரிய கூட்டு நஞ்சேற்றம் என்று அது பின்னால் வர்ணிக்கப்பட்டது. கிருமி இல்லாத தெளிந்த நிலத்தடி நீரைச் சந்தேகிக்க யாருக்கும் தோன்றவில்லை. இயற்கையானது என்றால் நல்லது என்ற எண்ணம் படித்தவர்களின் கண்ணையும் இப்படிக் கட்டிவிடுகிறது.

உங்களில் பலர் இந்நேரம் ஒரு மறுப்பை மனத்தில் வைத்திருப்பீர்கள். இவை எல்லாமே மனிதன் வரம்பு மீறியதன் விளைவு என்பீர்கள். ஆழ்துளைக் கிணறு தோண்டியது யார், யானையின் வழித்தடத்தை மறித்துக் கட்டடம் எழுப்பியது யார் என்று கேட்பீர்கள். அந்தக் கேள்வியின் நியாயத்தை ஒப்புக்கொள்கிறேன். பல இடங்களில் மனிதன் இயற்கையின் கேட்டைத் தூண்டிவிடுகிறான் அல்லது கேடு இருக்கும் இடத்துக்குத் தானே போய் நிற்கிறான். ஆனால் பாறையில் ஃபுளூரைடை வைத்தது மனிதன் அல்ல. குடிக்கத் தண்ணீர் தேடித் தோண்டுவதைப் பேராசை என்று சொல்லவும் முடியாது. ‘நாம் தொந்தரவு செய்யாவிட்டால் அது நம்மை ஒன்றும் செய்யாது’ என்ற வாசகம் நம் மன்றங்களில் மிகப் பிரபலம். பாயில் தூங்கிக்கொண்டிருந்த பிள்ளை கட்டுவிரியனுக்கு என்ன தொந்தரவு செய்தது? இந்த வாசகம் இரக்கத்தின் மொழிபோலத் தோன்றினாலும், செத்தவரையே குற்றவாளியாக்குகிறது. காட்டை அழித்துக் கட்டியவர் ஒருவர், யானையின் காலில் மிதிபட்டவர் இன்னொருவர். மனிதன் என்ற ஒற்றைச் சொல்லில் இருவரையும் அடக்கி, அவன் செய்த வினைக்கு அவன் அனுபவிக்கிறான் என்று தீர்ப்புச் சொல்வது அநியாயம். பிள்ளைகளுக்கு நாம் கற்றுத்தரும் முதல் நீதியே செய்தவரையும் பட்டவரையும் பிரித்துப் பார்ப்பதாக இருக்க வேண்டும்.

இயற்கைக்கு நன்மை தீமை என்று எதுவும் கிடையாது, அது தன்போக்கில் இயங்குகிறது என்று சொல்கிறவர்களும் உண்டு. ஒப்புக்கொள்கிறேன். பாம்புக்கு வன்மம் இல்லை, கடலுக்குக் கோபம் இல்லை. அதே நியாயப்படி அவற்றுக்குத் தாய்மையும் இல்லை. கருணையை மட்டும் இயற்கையின்மேல் ஏற்றிச் சொல்வோம், கொடுமையைச் சொல்ல மாட்டோம் என்பது முறையாகாது.

இவற்றையெல்லாம்விடக் கனமான மறுப்பு வேறு ஒன்று. கேடுகளைச் சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகள் பயப்படுவார்கள், பயந்தவன் கையில் கம்பை எடுப்பான், இருக்கிற பாம்பையும் அடித்துக் கொல்வான் என்பது. இது உண்மையான கவலை. என் பதில், கம்பை எடுக்க வைப்பது அறியாமையோடு சேர்ந்த பயம் என்பதே. எந்தப் பாம்புக்கு விஷம் உண்டு, எதற்கு இல்லை என்று தெரியாதவன்தான் சாரைப்பாம்பையும் தண்ணீர்ப் பாம்பையும் சேர்த்து அடிக்கிறான். பாம்பின் விஷத்தைப் பற்றி, பாம்பு பிடிக்கும் பழங்குடியினரான இருளர்களைவிட அறிந்தவர்கள் நம்மிடையே குறைவு. வனவிலங்குச் சட்டத்தாலும் பாம்புத்தோல் ஏற்றுமதித் தடையாலும் பிழைப்பை இழந்திருந்த இருளர்கள், 1978-இல் பாம்பியல் ஆய்வாளர் ராமுலஸ் விட்டேகர் துணைநிற்க, ஒரு கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார்கள். சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் உள்ள அந்தச் சங்கத்தில் நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் பிடித்துவந்து, சில வாரங்கள் மண்பானையில் வைத்து விஷம் எடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளமிட்டு மீண்டும் விட்டுவிடுகிறார்கள். அந்த விஷத்திலிருந்துதான் விஷமுறிவு மருந்து தயாராகிறது. இருளர்களான வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023-இல் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. பாம்பு கொல்லும் என்று தெளிவாக அறிந்த இவர்கள்தான் அதைக் கொல்லாமல் விடுகிறார்கள். வால்பாறையிலும் இதே பாடம். தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே யானைகள் வந்துபோகும் அந்த மேட்டுநிலத்தில், யானை நிற்கும் இடத்தைக் குறுஞ்செய்தியாலும், கைபேசியால் இயக்கப்படும் சிவப்பு விளக்குகளாலும் மக்களுக்குத் தெரிவிக்கும் ஏற்பாட்டை இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையைச் சேர்ந்த எம். ஆனந்தகுமாரும் குழுவினரும் வனத்துறையோடு சேர்ந்து உருவாக்கினார்கள். யானை சாதுவானது என்று அவர்கள் யாருக்கும் சமாதானம் சொல்லவில்லை. யானை கொல்லும், ஆகவே அது எங்கே நிற்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள் என்றார்கள். அங்கே மனிதச் சாவுகள் குறைந்தன. யானைகளும் இருக்கின்றன.

மறுபக்கத்தையும் யோசியுங்கள். இயற்கை நல்லது மட்டுமே செய்யும் என்று படித்துவிட்டு வீடு திரும்பும் பிள்ளை, ராத்திரி காட்டுப்பன்றி புகுந்து குடும்பத்தின் நிலக்கடலையைத் தோண்டிப்போட்டதைப் பார்க்கிறது. பள்ளியில் படித்தது பொய், அப்பாவின் நட்டம் மெய் என்று அதற்குத் தோன்றாதா? காட்டோரத்து மக்களின் ஆதரவில்லாமல் எந்தக் காடும் நிலைக்காது. அவர்கள் படும் கேட்டை இயற்கை ஆர்வலர்கள் மறுக்கிறார்கள் அல்லது சிறிதாக்குகிறார்கள் என்ற எண்ணம் வந்துவிட்டால், அவர்கள் நம் பேச்சைக் கேட்பதை நிறுத்திவிடுவார்கள்.

கேட்டைக் கற்றுக்கொடுத்த சமூகம் ஒன்றை உங்களுக்கு நினைவூட்ட விரும்புகிறேன். 2004 டிசம்பர் 26 சுனாமியில் நம் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்தார்கள். கடல் உள்வாங்கியபோது அதன் பொருள் நமக்குத் தெரியாது. நிலநடுக்கத்தின் மையத்துக்கு மிக அருகில் இருந்தது இந்தோனேசியாவின் சிமலூ தீவு. ஏறத்தாழ 78,000 பேர் வாழ்ந்த அந்தத் தீவில் இறந்தவர்கள் 7 பேர். 1907-இல் அங்கே ஒரு பேரலை வந்து ஊர்களை அழித்திருந்தது. அதற்கு ‘ஸ்மாங்’ என்று பெயரிட்டு, நிலம் பலமாக அதிர்ந்து கடல் பின்வாங்கினால் உடனே மேட்டுக்கு ஓடு என்பதைக் கதையாகவும் தாலாட்டாகவும் பாட்டிமார் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிவந்தார்கள். 97 ஆண்டுகள் கழித்து அந்தப் பாட்டு தீவைக் காப்பாற்றியது. அவர்கள் கடலை வெறுக்கவில்லை. கடலில்தான் இன்றும் பிழைக்கிறார்கள். அதே நாளில் தாய்லாந்துக் கடற்கரையில், இரண்டு வாரம் முன்பு புவியியல் வகுப்பில் சுனாமி பற்றிப் படித்திருந்த டில்லி ஸ்மித் என்ற 10 வயது பிரிட்டிஷ் சிறுமி, நீரின் போக்கைப் பார்த்துப் பெற்றோரை எச்சரித்தாள். அந்தக் கரையில் இருந்தவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். ஆசிரியர்களாகிய உங்களுக்கு இதற்கு மேல் சான்று தேவையில்லை. ஒரு வகுப்பு நேரத்தில் சொன்ன பாடம் அது.

ஆகவே, உங்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். மரம் நடும் நாளைப்போலவே, உங்கள் ஊரின் இயற்கை உங்கள் ஊர் மக்களுக்குச் செய்யும் கேடுகளைப் பிள்ளைகளே விசாரித்து எழுதும் ஒரு நாளையும் மன்றத்தில் வையுங்கள். யாருக்குப் பாம்பு கடித்தது, யார் வயலில் பன்றி இறங்கியது, எந்தத் தெருவில் போர் தண்ணீர் குடிக்கும் பிள்ளைகளின் பல்லில் கறை இருக்கிறது, இடி விழுந்து யார் வீட்டு மாடு செத்தது என்று அவர்கள் கேட்டு வரட்டும். உங்கள் பள்ளிக் கிணற்று நீரைக் குடிநீர் வாரிய ஆய்வகத்துக்கு அனுப்பி, ஃபுளூரைடு அளவைக் கரும்பலகையில் எழுதிப் போடுங்கள். நான்கு விஷப்பாம்புகளின் படத்தையும், அவற்றைப்போலத் தோன்றும் விஷமற்றவற்றின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டுங்கள். தரையில் படுக்காமல் கட்டிலில் படுப்பதும், கொசுவலையைப் பாய்க்கு அடியில் செருகுவதும், இருட்டில் டார்ச் இல்லாமல் காலை வைக்காமலிருப்பதும் உயிர் காக்கும் என்று சொல்லுங்கள். கடித்தால் இறுக்கிக் கட்டக்கூடாது, கீறக்கூடாது, உறிஞ்சக்கூடாது. கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்பதை வாய்ப்பாடுபோல் மனப்பாடம் ஆக்குங்கள். இதையெல்லாம் சொன்ன பிறகு, அதே மூச்சில், பாம்பைக் கொல்லாதீர்கள் என்றும் சொல்லுங்கள். அப்போது அந்தச் சொல்லுக்கு மதிப்பு இருக்கும்.

இந்தியாவில் பாம்புக்கடிச் சாவுகளில் ஏறத்தாழப் பாதி, ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான நான்கு மாதங்களில் நிகழ்கிறது. இறப்பவர்களில் நான்கில் ஒருவருக்கும் மேல் 15 வயது ஆகாதவர்கள். நம் பள்ளிகள் திறப்பது ஜூனில். இந்த ஆண்டின் முதல் மன்றக் கூட்டத்தை இதற்கு ஒதுக்குங்கள்.